பெயரை நீக்கிய தரவில் ஆள் எப்படி அகப்படுகிறார்?

ஏதோ ஒரு நிறுவனத்தில் வாடிக்கையாளர் தகவல் கசிந்துவிட்டது என்று செய்தி வரும்போதெல்லாம், பின்னாலேயே வரும் விளக்க அறிக்கையில் ஒரு வாக்கியம் தவறாமல் இருக்கும்: "பெயர், தொலைபேசி எண் போன்ற விவரங்கள் எதுவும் இதில் இல்லை." செயலிகளின் தனியுரிமைக் கொள்கையிலும் இதே வாக்கியம் வேறு சட்டை போட்டுக்கொண்டு நிற்கும்: "அடையாளம் நீக்கப்பட்ட தகவலை மட்டுமே கூட்டாளிகளுடன் பகிர்கிறோம்." பெரும்பாலும் அது பொய்யும் இல்லை, பெயரை நீக்கித்தான் இருப்பார்கள். ஆனால் பெயரில்லாத ஒரு பட்டியலிலிருந்து ஆளைப் பிடிக்கப் பெயர் தேவைப்படுவதில்லை. பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு பட்டியல் கிடைத்தால் போதும்.

அந்த இரண்டாவது பட்டியல் எங்கிருந்து வருகிறது, இரண்டையும் எது ஒட்டுகிறது, அந்த ஒட்டை எந்தெந்த இடத்தில் வெட்டலாம் என்று பார்ப்போம்.

முதலில் சில சொற்கள்

1. நேரடி அடையாளம்: பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல், அரசு கொடுத்த அட்டை எண். இவற்றைப் பார்த்தவுடன் ஆள் தெரிந்துவிடும்.

2. மறைமுக அடையாளம்: பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு, தொழில், கைபேசியின் மாடல். தனித்தனியாக எடுத்தால் இவை ஆயிரக்கணக்கானோருக்குப் பொருந்தும். மூன்று நான்கு சேர்ந்தால்தான் சிக்கல்.

3. இணைப்புச் சாவி: இரண்டு பட்டியல்களிலும் ஒரே மாதிரி இருக்கும் எந்த விவரமும் சாவிதான். ஒரு கடையின் பட்டியலிலும் ஒரு விளையாட்டுச் செயலியின் பட்டியலிலும் ஒரே மின்னஞ்சல் இருந்தால், அந்த மின்னஞ்சல் இரண்டையும் ஒரே ஆளின் வரலாறாக மாற்றிவிடும்.

4. மெட்டாடேட்டா: பேசியது என்ன என்பதை விட்டுவிட்டு, யார் யாரோடு எப்போது எங்கிருந்து எவ்வளவு நேரம் பேசினார் என்பது.

பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓர் எண்ணை வைப்பதற்குப் புனைபெயராக்கம் என்று பெயர். அடையாள நீக்கம் என்பது அதுவல்ல; எந்த வழியிலும் ஆளைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாத நிலைதான் அடையாள நீக்கம். 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் சட்டம் இந்த வித்தியாசத்தைத் தெளிவாகப் போட்டிருக்கிறது: புனைபெயராக்கிய தரவு இன்னமும் தனிநபர் தரவுதான். அறிக்கை எழுதுபவர்கள்தாம் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதன் பெயரைச் சொல்கிறார்கள்.

33 கேள்விகளில் ஓர் ஆள்

உலக மக்கள்தொகை சுமார் 800 கோடி. கூட்டத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் ஓர் ஆம்-இல்லை கேள்வியைக் கேட்டால் 400 கோடிப் பேர் விலகிவிடுவார்கள். அடுத்த கேள்வியில் மிச்சம் 200 கோடி. இப்படி 33 கேள்விகள் கேட்டால் ஒரே ஒருவர் மிஞ்சுவார். 2-ஐ 33 முறை பெருக்கினால் சுமார் 859 கோடி வருகிறது. ஒவ்வொரு கேள்வியும் தரும் தகவலின் அளவுக்கு ஒரு பிட் என்று பெயர். ஆக, ஒருவரை உலகத்திலிருந்தே பிரித்தெடுக்க 33 பிட் போதும்.

பிறந்த தேதி எவ்வளவு கொடுத்துவிடுகிறது என்று கணக்குப் போடுவோம். நாளும் மாதமும் 365 வாய்ப்புகள். பிறந்த ஆண்டுக்கு ஏறத்தாழ 80. பாலினத்துக்கு 2. மூன்றையும் பெருக்கினால் 58,400 பெட்டிகள். 25,000 பேர் வாழும் ஓர் அஞ்சல் பகுதியில் அத்தனை பேரையும் இந்தப் பெட்டிகளில் போட்டால் பாதிக்கு மேற்பட்ட பெட்டிகள் காலியாகவே கிடக்கும். பிறப்புகள் சீராகப் பரவியிருப்பதாக வைத்துக்கொண்டால், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேர் தங்கள் பெட்டியில் தனியாக இருப்பார்கள். பெயர் எங்கேயும் வரவில்லை. ஆனாலும் அந்தப் பெட்டிக்கு ஒரே சொந்தக்காரர்.

கணினி அறிவியலாளர் லட்டான்யா ஸ்வீனி 1990-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை வைத்து, பிறந்த தேதி, பாலினம், 5 இலக்க அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றுமே 87 சதவீதம் பேரைத் தனித்துக் காட்டக்கூடும் என்று மதிப்பிட்டார். பின்னர் 2000-ஆம் ஆண்டுக் கணக்கை வைத்து வேறொருவர் போட்ட கணக்கில் அது 63 சதவீதமாகக் குறைந்தது. எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும், பெயரை நீக்கியதே பாதுகாப்பு என்ற வாதம் நிற்கவில்லை.

இது வெறும் கணக்கு இல்லை

1990களின் நடுவில் மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களின் மருத்துவமனைப் பதிவுகள் ஆய்வுக்காகக் கொடுக்கப்பட்டன. பெயரும் முகவரியும் நீக்கப்பட்டிருந்தன. மருத்துவ விவரங்களோடு பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகியவை இருந்தன. அப்போது மாணவியாக இருந்த ஸ்வீனி, மாநில ஆளுநர் வசித்த கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கினார். அதில் பெயரோடு அதே மூன்று விவரங்களும் இருந்தன. ஆளுநர் வில்லியம் வெல்டின் பிறந்த தேதி கொண்டவர்கள் அந்நகரில் ஆறு பேர். அவர்களில் ஆண்கள் மூவர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் வசித்தவர் ஒருவர். ஆளுநரின் மருத்துவப் பதிவு கையில் வந்துவிட்டது.

2006 ஆகஸ்டில் அமெரிக்க இணைய நிறுவனமான ஏஓஎல் சுமார் 6.5 லட்சம் பயனர்களின் 2 கோடித் தேடல்களை ஆய்வாளர்களுக்காக வெளியிட்டது. பெயருக்குப் பதில் ஆளுக்கோர் எண். ஆனால் மக்கள் தங்கள் ஊரில் தோட்ட வேலைக்காரரைத் தேடுகிறார்கள். தங்கள் குடும்பப் பெயரைத் தேடுகிறார்கள். தங்களுக்கு வந்திருக்கும் வலியைத் தேடுகிறார்கள். ஒரே எண்ணின் கீழ் வரிசையாக அடுக்கினால் தேடல்களே ஆளைச் சொல்லிவிடுகின்றன. நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் ஒரு சில நாட்களில் ஓர் எண்ணுக்குரிய பெண்மணியைத் தேடிப் போய்ப் பேசிவிட்டார்கள்.

அதே ஆண்டு நெட்ஃபிளிக்ஸ் ஒரு போட்டிக்காக ஏறத்தாழ 4.8 லட்சம் வாடிக்கையாளர்கள் படங்களுக்குக் கொடுத்த 10 கோடி மதிப்பெண்களை வெளியிட்டது. இங்கே ஊரும் இல்லை, பிறந்த தேதியும் இல்லை. அரவிந்த் நாராயணனும் விட்டலி ஷ்மாட்டிகோவும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, ஒருவர் மதிப்பெண் போட்ட 8 படங்களும் தோராயமான தேதிகளும் தெரிந்தால், அவற்றில் இரண்டு தவறாகவே இருந்தாலும், 99 சதவீதப் பதிவுகளைத் தனித்துக் காட்டலாம் என்றது. எல்லோரும் பார்க்கும் படங்களால் அல்ல, சிலரே பார்க்கும் படங்களால்தான் ஆள் அகப்படுகிறார். ரசனை விசித்திரமாக இருப்பவர்கள் சீக்கிரம் மாட்டுவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கைபேசி ஓயாமல் உற்பத்தி செய்யும் புள்ளிகள்

மேற்சொன்னவை எல்லாம் யாரோ ஒருவர் ஒருமுறை வெளியிட்ட கோப்புகள். கைபேசி வந்தபின் இது நாள் முழுக்க, தானாக நடக்கிறது. அதற்கு வசதியாக ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும், விளம்பரக்காரர்கள் கைபேசியை அடையாளம் காண, விளம்பர அடையாள எண் என்று ஒன்று உண்டு. 128 பிட் நீளம். ஓர் ஆளுக்கு 33 பிட் போதும் என்ற இடத்தில் 128.

ஒரு செயலியில் விளம்பரத்துக்கான இடம் திறக்கும்போது நடப்பது இது:

1. செயலிக்குள் இருக்கும் எஸ்டிகே எனும் ஆயத்த நிரல்தொகுப்பு, விளம்பர எண், ஐபி முகவரி எனும் இணைய இணைப்பின் எண், கைபேசி மாடல், செயலியின் பெயர் ஆகியவற்றைத் திரட்டும். அனுமதி இருந்தால் இருப்பிடத்தையும் சேர்க்கும்.

2. அந்தப் பொட்டலம் ஒரு ஏலச் சந்தைக்குப் போகும். அங்கிருந்து பல விளம்பர நிறுவனங்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பப்படும்.

3. அவர்கள் விலை சொல்வார்கள், ஒருவர் ஜெயிப்பார், விளம்பரம் தோன்றும். இவ்வளவும் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும்.

கவனிக்க வேண்டியது இரண்டாவது படி. ஜெயித்தவர் ஒருவர்தான், பொட்டலத்தைப் பார்த்தவர்கள் பலர். தோற்றவர் அதை அழித்துவிட வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்லலாம். அழித்தாரா என்று வெளியிலிருந்து சரிபார்க்க வழியில்லை. ஆட்களைப் பற்றிய தரவை வாங்கி விற்கும் தரவுத் தரகர்களின் சரக்கில் ஒரு பகுதி இந்த வழியாகத்தான் சேர்கிறது. வானிலைச் செயலிக்கு மழையைச் சொல்ல இருப்பிடம் வேண்டும். அதே அனுமதியை அதற்குள் குடியிருக்கும் எஸ்டிகேயும் அனுபவிக்கும்.

அப்படிச் சேர்ந்த கோப்பின் ஒரு வரியில் நான்கே கட்டங்கள்: விளம்பர எண், அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம். பெயர் கிடையாது. இப்போது அந்த எண்ணுக்குரிய வரிகளை மட்டும் வடிகட்டி, இரவு 1 மணிக்கும் 4 மணிக்கும் புள்ளி எங்கே குவிகிறது என்று பாருங்கள்: வீடு. வேலைநாட்களில் காலை 11 மணிக்கு: அலுவலகம். அந்த வீட்டில் தூங்கி அந்த அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் எத்தனை பேர் இருக்க முடியும்? 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, 15 லட்சம் பேரின் 15 மாதக் கைபேசித் தரவை எடுத்துக்கொண்டது. இருப்பிடம் கைபேசிக் கோபுரம் அளவுக்குத்தான் துல்லியம், நேரம் மணிக்கணக்கில்தான். அவ்வளவு மங்கலான தரவிலேயே 4 புள்ளிகள் 95 சதவீதம் பேரைத் தனித்துக் காட்டின.

செயலிகள் கொடுக்கும் புள்ளி அதைவிடக் கூர்மையானது. அட்சரேகையில் தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்பதே துல்லியம்: 1 இலக்கம் என்றால் 11 கிலோமீட்டர், 2 என்றால் 1.1 கிலோமீட்டர், 3 என்றால் 110 மீட்டர், 5 என்றால் 1 மீட்டருக்குச் சற்றே மேல். மழையைச் சொல்ல 2 இலக்கம் தாராளம். செயலிகள் கேட்பதோ 5, 6. இந்த இடைவெளிதான் பின்னால் சொல்லப்போகும் முக்கியமான வெட்டு.

தனி ஆளை விட்டுவிட்டு மொத்தத் தொகுப்பை மட்டும் காட்டினால் தப்பிக்கலாமா? 2017 நவம்பரில் ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி, பயனர்கள் ஓடிய பாதைகளையெல்லாம் ஒளிக்கோடுகளாக உலக வரைபடத்தில் சேர்த்து வெளியிட்டது. ஒரு பெயரும் இல்லை. 2018 ஜனவரியில் பார்த்தவர்கள், ஆப்கானிஸ்தானிலும் சிரியாவிலும் இருட்டான நிலப்பரப்பின் நடுவே ராணுவ முகாம்களின் சுற்றுப்பாதை மட்டும் பளிச்சென்று தெரிவதைக் கண்டார்கள். ஆட்கள் குறைவாக உள்ள இடத்தில் தொகுப்பும் காட்டிக்கொடுக்கும்.

"ஹாஷ் செய்துவிட்டோம்" என்றால்?

இதுவும் அறிக்கைகளில் அடிக்கடி தலைகாட்டும் சொல். ஹாஷ் என்பது எந்த உள்ளீட்டையும் குறிப்பிட்ட நீளமுள்ள குழப்பமான எழுத்துச்சரமாக மாற்றும் கணக்கு. சரத்திலிருந்து உள்ளீட்டைத் திருப்பிக் கணக்கிட முடியாது. உண்மைதான். ஆனால் இரண்டு ஓட்டைகள் உண்டு.

முதலாவது, ஒரே மின்னஞ்சலை யார் ஹாஷ் செய்தாலும் ஒரே சரம்தான் வரும். எனவே இணைப்புச் சாவி இணைப்புச் சாவியாகவே இருக்கிறது. முகமூடி போட்டிருக்கிறது, அவ்வளவே. விளம்பரத் துறையில் இரு நிறுவனங்கள் பட்டியல்களை ஒப்பிடுவதே இப்படித்தான்.

இரண்டாவது, திருப்பிக் கணக்கிட முடியாவிட்டால் என்ன, எல்லா உள்ளீடுகளையும் முயன்று பார்க்கலாமே. 10 இலக்கத் தொலைபேசி எண்கள் மொத்தம் 1,000 கோடிக்கு மேல் இருக்க முடியாது. ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு விநாடிக்குப் பல நூறு கோடி ஹாஷ்களைப் போடும். சாதாரண முறையில் ஹாஷ் செய்த தொலைபேசி எண் பட்டியல் ஒரு டீ ஆறுவதற்குள் வெறும் எண்களாகிவிடும். ரகசியமாக ஒரு கூடுதல் சரத்தைச் சேர்த்து ஹாஷ் செய்தால் இது கடினமாகும். அந்தச் சரம் நிறுவனத்தின் கையில் இருக்கும் வரை.

மறையாக்கம் எதை மறைக்கிறது

வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் முனைக்கு முனை மறையாக்கத்தை எல்லோருக்கும் கொண்டுவந்தது. அதன்படி செய்தியை அனுப்பியவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடியும். இது உண்மையான பாதுகாப்பு. குறைத்துப் பேசத் தேவையில்லை. ஆனால் மறைவது உள்ளடக்கம். யார் யாருக்கு எப்போது அனுப்பினார் என்பது தனிக் கதை. அமெரிக்க உளவு அமைப்புகளான என்எஸ்ஏ, சிஐஏ இரண்டுக்கும் தலைவராக இருந்த மைக்கேல் ஹேடன் 2014-இல் ஒரு விவாத மேடையில், "மெட்டாடேட்டாவை வைத்து ஆட்களைக் கொல்கிறோம்" என்றே சொன்னார். சேர்த்து வைக்காமல் இருப்பதும் சாத்தியம்தான்: 2016-இல் அமெரிக்க அரசு ஆணை அனுப்பித் தரவு கேட்டபோது, சிக்னல் என்ற அரட்டைச் செயலியால் கொடுக்க முடிந்தது இரண்டே விவரங்கள். கணக்குத் தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த தேதி.

இதில் அடிக்கடி சறுக்குவது பேக்கப். அரட்டை வழியெல்லாம் பூட்டிய பெட்டியில் போகும்; இரவு 2 மணிக்கு அதன் பிரதி கிளவுடில் பூட்டில்லாமல் போய் உட்காரும். வாட்ஸ்அப் பேக்கப்புக்கும் முனைக்கு முனை மறையாக்கம் 2021 அக்டோபரில் வந்தது. ஆனால் அதைப் பயனர்தான் இயக்க வேண்டும். சாட் பேக்கப் பக்கத்தில் அதற்கான தேர்வு இருக்கிறது. கடவுச்சொல் கொடுக்கலாம், அல்லது 64 இலக்கச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளலாம். தேர்ந்தெடுத்ததைத் தொலைத்தால் பழைய அரட்டை திரும்பாது. எதிர்முனையில் இருப்பவர் இதைச் செய்யவில்லையென்றால், அதே அரட்டை அவருடைய பேக்கப்பில் திறந்தே கிடக்கும்.

எங்கே வெட்டுவது

எல்லாவற்றையும் மறைக்க முயல்பவர் ஒரு வாரத்தில் சலித்து விட்டுவிடுவார். சாவிகளை மட்டும் குறிவைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். உழைப்புக்கு அதிகப் பலன் தரும் வரிசையில்:

1. விளம்பர எண்ணை அழியுங்கள். ஆண்ட்ராய்டு 12-க்குப் பிந்தைய கைபேசிகளில் செட்டிங்ஸ், பிரைவசி, ஆட்ஸ் என்று போனால் எண்ணை நீக்கும் தேர்வு இருக்கும். இடம் மாறியிருந்தால் செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் 'ஆட்ஸ்' என்று தேடுங்கள். நீக்கியபின் எண்ணைக் கேட்கும் செயலிக்கு வெறும் பூஜ்ஜியங்களே கிடைக்கும். ஐபோனில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பிரிவில் டிராக்கிங் பக்கத்தைத் திறந்து, செயலிகள் அனுமதி கேட்பதையே அணைத்துவிடலாம். 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5 முதல், அனுமதி இல்லாத செயலிக்குப் பூஜ்ஜியங்கள்தான். அரை நிமிட வேலை.

2. இருப்பிடத்தை மங்கலாக்குங்கள். அனுமதிப் பட்டியலைத் திறந்து 'எப்போதும்' என்றிருப்பதையெல்லாம் 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றுங்கள். பிறகு 'பிரிசைஸ் லொகேஷன்' என்ற பொத்தான்: வழிகாட்டும் வரைபடத்துக்கும் வண்டி கூப்பிடும் செயலிக்கும் தவிர மற்றவற்றுக்கு அணைத்துவிடலாம். ஐஓஎஸ் 14, ஆண்ட்ராய்டு 12 முதல் இந்த வசதி உண்டு. அணைத்தால் செயலிக்குக் கிடைப்பது தெரு அல்ல, சில கிலோமீட்டர் அகலமுள்ள வட்டாரம். ஆண்ட்ராய்டில் லொகேஷன் பக்கத்துக்குள் வைஃபை ஸ்கேனிங், புளூடூத் ஸ்கேனிங் என்று இரண்டு தனியாக ஒளிந்திருக்கும். வைஃபையை அணைத்திருந்தாலும் அக்கம்பக்கத்து ரவுட்டர்களை வைத்து இருப்பிடம் கணிக்க இவை உதவும். அவற்றையும் பாருங்கள்.

3. மின்னஞ்சலைப் பிரியுங்கள். விளம்பர எண்ணை மாற்றலாம், கைபேசியை மாற்றலாம். மின்னஞ்சலை யாரும் மாற்றுவதில்லை. அதனால்தான் அது வலிமையான சாவி. ஜிமெயில் முகவரியில் கூட்டல் குறி போட்டு ஒரு சொல்லைச் சேர்த்துக் கொடுக்கும் தந்திரத்தைப் பலர் நம்புகிறார்கள். குறிக்குப் பின்னால் இருப்பதை வெட்டி, இடையிலுள்ள புள்ளிகளையும் எடுத்துவிட்டு அசல் முகவரியாக்குவது ஒரு வரி நிரல். யார் விற்றார்கள் என்று கண்டுபிடிக்க அது உதவும். இணைப்பைத் தடுக்க உதவாது. ஒவ்வொரு தளத்துக்கும் தொடர்பில்லாத முகவரியை உருவாக்கித் தரும் சேவைகள்தான் சரியான வழி: ஆப்பிளின் ஹைட் மை இமெயில், ஃபயர்ஃபாக்ஸ் ரிலே, சிம்பிள்லாகின் போன்றவை. குறைந்தது மூன்று முகவரிகளாவது வைத்துக்கொள்ளுங்கள்: பணத்துக்கு ஒன்று, மனிதர்களுக்கு ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும் ஒன்று.

4. தொலைபேசி எண்ணைத் தேவையில்லாமல் கொடுக்காதீர்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கு எண் கேட்டால், ஆத்தென்டிகேட்டர் செயலி ஏற்கப்படுமா என்று பாருங்கள். 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் குறியீடு கைபேசியிலேயே உருவாகும். எஸ்எம்எஸ் தேவையில்லை, யாரேனும் ஏமாற்றி உங்கள் எண்ணுக்கு மாற்று சிம் வாங்கிவிடும் மோசடியும் பலிக்காது. பாதுகாப்புக்கென்று வாங்கிய எண்கள் வேறெதற்கும் போகாது என்று நம்புபவர்களுக்கு ஒரு தகவல்: அப்படி வாங்கிய எண்களையும் மின்னஞ்சல்களையும் விளம்பரக் குறிவைப்புக்குப் பயன்படுத்தியதற்காக ட்விட்டர் 2022-இல் அமெரிக்காவில் 15 கோடி டாலர் அபராதம் கட்டியது.

5. பிறந்த தேதியைக் காத்துக்கொள்ளுங்கள். வங்கிக்கும் அரசுக்கும் சட்டப்படி உண்மையைச் சொல்ல வேண்டும். தள்ளுபடி கூப்பன் தரும் தளத்துக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. அங்கே காலியாக விடலாம். மேலே பார்த்த 58,400 பெட்டிகளை நினைவில் கொள்ளுங்கள்.

6. உலாவி. நீங்கள் திறந்த தளம் அல்லாமல் வேறு நிறுவனங்கள் உலாவியில் விட்டுவைக்கும் அடையாளத் துணுக்குகளுக்கு மூன்றாம் தரப்புக் குக்கிகள் என்று பெயர். சஃபாரி 2020 முதல் அவற்றை முழுதாகத் தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனி டப்பாவில் போடுகிறது. குரோம் மூன்றாம் தரப்புக் குக்கிகளை ஒழிப்பதாகச் சொல்லிப் பல ஆண்டு இழுத்தடித்துக் கடைசியில் கைவிட்டது. எனவே செட்டிங்ஸில் நீங்களே தடுக்க வேண்டும். குக்கி இல்லாமலும் அடையாளம் காணலாம்: திரையின் அளவு, எழுத்துருக்கள், மொழி, நேர மண்டலம், உலாவிப் பதிப்பு எல்லாம் சேர்ந்து ஒரு கைரேகை போலாகும். எலெக்ட்ரானிக் ஃபிராண்டியர் ஃபவுண்டேஷன் என்ற டிஜிட்டல் உரிமை அமைப்பு 2010-இல் சுமார் 4.7 லட்சம் உலாவிகளைச் சோதித்தபோது 83.6 சதவீதம் தனித்துவமாக இருந்தன. பாதுகாப்புக்கென்று உலாவியில் பத்து நீட்சிகளை (எக்ஸ்டென்ஷன்) நிறுவுபவர் இங்கே தனக்குத்தானே குழி தோண்டிக்கொள்கிறார். அந்தப் பத்தும் சேர்ந்த கலவை வேறு யாரிடமும் இருக்காது. நல்ல விளம்பரத் தடுப்பான் ஒன்று, அவ்வளவே போதும்.

7. படங்கள். கேமரா எடுக்கும் ஒவ்வொரு கோப்பிலும் எக்ஸிஃப் என்ற பகுதி உண்டு. நேரம், கருவி, அனுமதி இருந்தால் ஜிபிஎஸ் புள்ளி. தலைமறைவாக இருந்த மென்பொருள் முதலாளி ஜான் மெக்காஃபி 2012-இல் குவாதமாலாவில் இருப்பது தெரிந்ததே, ஒரு பத்திரிகை வெளியிட்ட படத்தில் இந்தப் புள்ளி நீக்கப்படாமல் இருந்ததால்தான். அரட்டைச் செயலிகள் படமாக அனுப்பும்போது பெரும்பாலும் இதை நீக்கிவிடும். 'டாக்குமெண்ட்' என்று அனுப்பினாலோ மின்னஞ்சலில் இணைத்தாலோ அப்படியே போகும். கேமரா செயலியின் இருப்பிட அனுமதியை அணைப்பது ஒரே வேலையில் முடிந்துவிடும்.

படத்தை வெட்டி அனுப்புவதிலும் கண் வேண்டும். கூகுள் பிக்சல் கைபேசிகளின் படத்திருத்தி, வெட்டிய படத்தைப் பழைய கோப்பின் மேலேயே எழுதி, மிஞ்சிய பகுதியை அழிக்காமல் விட்டுவைத்தது 2023-இல் வெளியானது. ஆண்டுக்கணக்காக வெட்டி அனுப்பிய படங்களின் மறைந்த பகுதியை மீட்க முடிந்தது. எண்களை மறைக்க வேண்டுமென்றால் மங்கலாக்காமல், ஒளிபுகாத கருப்புப் பட்டை போட்டு, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த ஸ்கிரீன்ஷாட்டை அனுப்புங்கள். பிடிஎஃப் கோப்பில் எழுத்தின் மேல் கருப்புச் சதுரம் வரைவது மறைப்பே ஆகாது. கீழே இருக்கும் எழுத்தை நகலெடுத்து ஒட்டினால் வந்துவிடும்.

வெட்டியும் ஒட்டிக்கொள்வது ஏன்

இவற்றைச் செய்தவர்களும் சில இடங்களில் கோட்டை விடுகிறார்கள். விளம்பர எண்ணை அழித்துவிட்டு அதே செயலியில் அதே மின்னஞ்சலோடு உள்நுழைந்தபடியே இருந்தால், புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லாமல் பழைய வரலாறு தொடரும். செயலியை நீக்கினால் கணக்கும் போய்விடும் என்று நினைப்பது இன்னொன்று; தரவு சர்வரில் இருக்கிறது, கைபேசியில் இல்லை. முதலில் கணக்கை நீக்கி, பிறகு செயலியை நீக்க வேண்டும். கணக்குத் தொடங்க விடும் செயலிகள் அதை உள்ளேயே நீக்கவும் வழி தர வேண்டும் என்பது 2022 ஜூன் 30 முதல் ஆப்பிளின் விதி.

உலாவியின் மறைநிலை, அந்தக் கருவியில் வரலாறு தங்காமல் பார்த்துக்கொள்ளும். தளத்துக்கும் இணைய சேவை தருபவருக்கும் அது ஒரு பொருட்டே இல்லை. உங்கள் இணையப் போக்குவரத்தைத் தன் சர்வர் வழியாகத் திருப்பிவிடும் சேவையான விபிஎன், ஐபி முகவரியை மாற்றும். இணைய சேவை தருபவர் பார்த்ததை இனி விபிஎன்காரர் பார்ப்பார். இலவச விபிஎன் என்றால் அவருடைய சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

இன்னும் ஒரு வகை உங்கள் கையிலேயே இல்லை. உங்கள் எண்ணை நீங்கள் யாருக்கும் கொடுக்காமல் இருக்கலாம். உங்கள் எண்ணை வைத்திருக்கும் ஒருவர் தன் தொடர்புப் பட்டியலை ஒரு செயலிக்குத் திறந்துவிட்டால் முடிந்தது. ஃபேஸ்புக் பயனர்களின் தரவு கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்துக்குப் போன விவகாரத்தில், தரவைத் திரட்டிய வினாடி வினாச் செயலியை நிறுவியவர்கள் சுமார் 2.7 லட்சம் பேர். 2018-இல் ஃபேஸ்புக் ஒப்புக்கொண்ட எண்ணிக்கை 8.7 கோடி வரை. மிச்சம் அத்தனை பேரும் நண்பர்கள்.

தரவை வெளியிடுபவர் என்ன செய்யலாம்

ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் தரவு வேண்டும். வெளியிடவே கூடாது என்பது நடக்காது. பழைய உத்தி, ஒவ்வொரு பெட்டியிலும் குறைந்தது இத்தனை பேர் இருக்கும்படி விவரங்களை மழுப்புவது: பிறந்த தேதிக்குப் பதில் பத்தாண்டு வயதுப் பிரிவு, அஞ்சல் குறியீட்டின் கடைசி இரண்டு இலக்கம் நீக்கம். பெட்டியில் பத்துப் பேர் இருந்து பத்துப் பேருக்கும் ஒரே நோய் என்றால் இதுவும் உடைந்துவிடும்.

இன்னொரு உத்தியின் வேர் 1965-இல் ஸ்டான்லி வார்னர் என்ற புள்ளியியலாளர் சொன்ன யோசனையில் இருக்கிறது. அதன் எளிய வடிவம் ஒன்று: "நீங்கள் போதைப்பொருள் பயன்படுத்தியதுண்டா?" என்று 1,000 பேரைக் கேட்கிறோம். பதில் சொல்லுமுன் ஒவ்வொருவரும் யாருக்கும் காட்டாமல் ஒரு நாணயத்தைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். பூ விழுந்தால் மறுபடி சுண்டி, தலைக்கு 'ஆம்', பூவுக்கு 'இல்லை' என்று சொல்ல வேண்டும். 400 பேர் 'ஆம்' என்கிறார்கள். நாணயத்தால் மட்டும் வந்த 'ஆம்' சுமார் 250. மீதி 150, உண்மை சொன்ன 500 பேரில் இருந்து வந்தவை. ஆக 30 சதவீதம். மொத்த விகிதம் கிடைத்துவிட்டது. ஆனால் எந்த ஒருவருடைய 'ஆம்' உண்மை என்று கேட்டவருக்கே தெரியாது. இப்படி வேண்டுமென்றே கலக்கும் தற்செயல் பிழைக்கு இரைச்சல் என்று பெயர். 2006-இல் கணினி அறிவியலாளர் சிந்தியா டுவொர்க் முதலானோர் இது போன்ற இரைச்சலுக்குக் கணித வரையறை கொடுத்தார்கள். கூகுள் 2014-இலும் ஆப்பிள் 2016-இலும் அதைப் பயன்படுத்தத் தொடங்கின. அமெரிக்காவின் 2020 மக்கள்தொகைக் கணக்கின் வெளியீட்டிலும் அது உண்டு. விலையும் உண்டு: ஆட்கள் குறைவாக உள்ள சிற்றூர்களின் எண்கள் கோணலாகிவிடும்.

ஒரே ஆளிடம் ஒரே கேள்வியைத் தினமும் கேட்டால், நாணயம் ஒவ்வொரு நாளும் புதிதாக விழும். உண்மையில் 'ஆம்' என்பவர் நான்கில் மூன்று நாள் 'ஆம்' சொல்வார். 'இல்லை' என்பவர் நான்கில் ஒரு நாள். இரண்டே மாதத்தில் யார் எந்தப் பக்கம் என்று தெளிவாகப் பிரிந்துவிடும். எனவே ஒரு நிறுவனம் "இரைச்சல் சேர்த்துத்தான் அனுப்புகிறோம்" என்று அறிவித்தால், எவ்வளவு இரைச்சல் என்று கேட்பதோடு, அந்த அளவு நாளொன்றுக்கா, ஆயுளுக்கா என்றும் கேட்க வேண்டும்.